எண்ணெய் தடவிய சீட்டு

என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மலைமேல் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கீழே ஆலங்காயத்துக்குப் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கு முந்தைய முறை போனபோது என் அக்கா கணவர் எங்கள் பழைய பைக்கைப் பார்த்துவிட்டு, “இன்னா சகல, வண்டிக்கு நரை வுழுந்துடுச்சா?” என்று என் கணவரைக் கேட்டார். மட்கார்டும் பக்கவாட்டு மூடிகளும் வெயிலில் சாம்பல் நிறமாகியிருந்தன. சாமை மூட்டை கட்டும் கயிறு உரசி ஏகப்பட்ட கீறல். கேட்டவர் அன்றே மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை.

நிச்சயத்துக்கு முதல் நாள் மூடிகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தார். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது. கீறல் போனது, கருப்பு வரவில்லை. விளக்குக்கு வைத்திருந்த புங்க எண்ணெயைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். துணியில் தொட்டுத் தடவியதும் பிளாஸ்டிக் புதிதுபோல் கருத்தது.

காலையில் சீட்டும் பளபளத்தது. அதிலும் தடவினாரா என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல நாளில் சண்டை எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன். பட்டுச்சேலையோடு, எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்து ஒருபக்கமாக உட்கார்ந்தேன்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவில் அவர் பிரேக் பிடித்தார். நான் சீட்டிலிருந்து வழுக்கினேன். பின்கம்பியைப் பிடித்தேன், கையும் நழுவியது. அதிலும் எண்ணெய். முழங்கால் தார்ச்சாலையில் இடித்தபோது வண்டி நின்றுவிட்டது. குழந்தையின் தலைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

“ஒண்ணும் ஆவலல்ல? ஏறு, நேரமாவுது” என்றார்.

“சீட்டுக்கும் தடவுனீங்களா?”

“பாக்க நல்லா இருக்கட்டும்னுதான். எண்ணெய் நீதான குடுத்த?”

உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. குழந்தையை அவர் கையில் திணித்தேன். ஓரத்து மண்ணை அள்ளிச் சீட்டில் போட்டுத் தேய்த்தேன். கம்பியிலும் தேய்த்தேன். மூடிகளுக்குத் தேவையே இல்லை, அவற்றிலும் தேய்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

மீண்டும் ஏறியதும் ஒரு கையால் குழந்தையை இறுக்கி, மறு கையால் அவர் சட்டை முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். நிச்சயத்துக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என் ஐந்து விரல்களும் அதில் மண்ணாகப் பதிந்திருந்தன. ஊர் வரும்வரை நான் சொல்லவில்லை.