வாய் மட்டும்

பல்லக்காவுக்கு முகம் ஞாபகம் இருக்காது. எதிரே வந்து நலம் விசாரிக்கிறவர்களைத் திருதிருவென்று பார்ப்பாள். அவர்கள் வாயைத் திறந்து சிரித்தால்தான் இன்னார் என்று பிடிபடும். பொய்ப்பல் செய்கிற கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை. பல் டாக்டர்களிடமிருந்து பெட்டிகள் வரும். பெட்டிக்குள் பிளாஸ்டரில் வார்த்த வாய்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். பெயர் இருக்காது, கண் இருக்காது, மூக்கு இருக்காது. அந்த வாய்களோடு நாள் பூராவும் உட்கார்ந்து மெழுகை உருக்கி, பல்லைப் பதித்து, மெருகேற்றி அனுப்புவாள். யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், யார் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். கூடத்தில் உடன் வேலை செய்யும் எட்டுப் பேர் வைத்த பட்டப்பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வரிசை பிசகாத பல் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரே ஒரு பல்லை மயிரிழை திருப்பி வைப்பாள். அந்தச் சின்னக் கோணலைப் பார்த்துத்தான் ஊர் அதை நிஜப்பல் என்று நம்பும். நகரத் தலைவரின் சிரிப்பு அப்படிச் செய்யப்பட்டதுதான். பெட்டியில் எண் மட்டும்தான் இருந்தது, ஆனால் மேடையில் அவர் சிரித்ததுமே அவளுக்குப் பிடிபட்டது. கீழ்ச் செட்டு வலது பக்கம் உரசுகிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பி, பதினைந்து நாள் அவளைப் பாடாய்ப் படுத்திய செட்டு. அது பொய்ப்பல் என்று தலைவருக்கும் டாக்டருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

அவளுடைய மகளுக்குப் பத்து வயது. புது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகு முளைத்த பற்களெல்லாம் பழுப்புக் கோடுகளோடு முளைத்தன. அவளுக்கு மட்டுமல்ல. பள்ளியில் எடுத்த வகுப்புப் படத்தை மகள் கொண்டுவந்து காட்டியபோது பல்லக்கா அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். நாற்பது பிள்ளைகள். கண்களெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. நாற்பது வாயும் இறுக மூடியிருந்தன.

"ஏன்டி, யாருமே சிரிக்கல?"

"சிரிச்சோம்மா. வாயத் தொறக்காம."

மகள் வாய்விட்டுச் சிரித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரார் வாயையெல்லாம் அளந்தவள் வீட்டு வாயைப் பார்க்கத் தவறிவிட்டாள். அந்த ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. தெருமுனையில் தலைவரின் படம் வேறு நின்றது. கையில் ஒரு கிளாஸ் தண்ணீர், முகம் நிறையச் சிரிப்பு, 'நானும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறேன்' என்று கீழே எழுத்து. பல்லில் ஒரு கறை இல்லை. எப்படி இருக்கும்? செய்தவள் இவள்தானே!

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், போனில் ஒரு பக்கம் தொடங்கினாள். பெயர் 'வாய் மட்டும்'. தன் பெயரைப் போடவில்லை. விரலால் வரைந்த வாய்கள், பக்கத்தில் ஒரு வரி நையாண்டி. கூட்டத்தில் தூங்கும் வாய், கையெழுத்துப் போடும்போது கோணும் வாய், தண்ணீர் என்றதும் பேச்சை மாற்றும் வாய். யாருடைய வாய் என்று சொல்ல மாட்டாள். ஊர் கண்டுபிடித்துவிடும். பெட்டிக்கடையில், பேருந்தில், ஆபீஸில் எல்லாரும் போனைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகளும் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

படம் போட்ட மறு நொடி, எல்லாருக்கும் முன்னால் ஒரு சிரிப்பு முகம் வந்து விழும். 'பக்கத்து வீட்டுக்காரன்' என்று ஒரு கணக்கு. படம் கிடையாது, பேச்சு கிடையாது, அந்தச் சிரிப்பு மட்டும். பல்லக்காவுக்கு அவன்மேல் ஒரு வாஞ்சை. ஆயிரக்கணக்கில் வரும் சத்தங்களை அணைத்துவிட்டு, அவனுக்கு மட்டும் ஒரு மணியோசை வைத்துக்கொண்டாள். டிங் என்றால் மனசு நிறைந்துவிடும்.

பிறகுதான் அந்தப் படத்தை வரைந்தாள். ஒரு கிளாஸ் தண்ணீர். அதற்குள் ஒரு பல் செட்டு. 'தலைவரும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறார், பல்லைக் கழற்றி வைத்துவிட்டு.'

ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. நகர அலுவலகம் முன்னால் கோஷம் போடக் கூடாது என்று தடை இருந்ததால், ஜனங்கள் அவளுடைய படங்களிலிருந்து தலைவரின் வாயைப் பெரிசாக ஜெராக்ஸ் எடுத்து, ரப்பர் பேண்டு கோத்து, தங்கள் வாய்மேல் மாட்டிக்கொண்டு போய் நின்றார்கள். பட்டப்பகலில் ஐந்நூறு பேர், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல். ஐந்நூறு முகத்திலும் அதே சிரிப்பு. காற்று அடித்தபோது காகித வாய்கள் எல்லாம் சேர்ந்து படபடத்தன. ஓரமாக நின்று பார்த்த பல்லக்கா பயந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மணி மட்டும் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வேலை நடுவே அவளுக்குச் சுருக்கென்றது. ஊருக்கு அது கற்பனை. அது நிஜம் என்று தெரிந்த மூன்று பேரில் ஒருவர்தான் வரைந்திருக்க முடியும். கைப்பழக்கத்தில் அந்த மயிரிழைக் கோணலையும் சேர்த்து அப்படியே வரைந்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. திறந்தாள். ஒரு வாய். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. எங்கேயோ பார்த்த பல் என்று யோசித்தவளின் நாக்கு, தானாகப் போய்த் தன் முன்பல்லைத் தொட்டது. அந்த வாய் அவளுடையது. சீட்டில் தட்டச்சில் இருந்தது: 'முழு செட்டு. எல்லாப் பல்லும் பிடுங்கிய அன்றே மாட்ட வேண்டும். திங்கட்கிழமை தேவை.'

அப்படிச் செய்வது உண்டுதான். பிளாஸ்டர் வாயிலிருந்து பல்லை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துவிட்டுச் செட்டைச் செய்து வைப்பார்கள், நிஜப்பல் பிறகு போகும். நூறு பேருக்குச் செய்திருக்கிறாள். டாக்டருக்குப் போன் போட்டாள்.

"உங்க கடைவாய்ப் பல்லுக்குக் கேப்பு போட்டப்ப எடுத்த அச்சு," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "வெளியில 'பல் லேப் ஆளு'னு மட்டும் எழுதியிருந்தேன். தலைவரோட ஆளுங்க வந்து அலமாரியில இருந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க. பேரு தெரியாது அவங்களுக்கு. நான் சொல்லல, சத்தியமா சொல்லல."

"இப்ப நான் என்ன சார் செய்றது?"

"வாயத் தொறக்காதீங்க."

மறுநாள் கூடத்து வாசலில் ஒருவன் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரு ஜோக் சொன்னான். "ஒருத்தன் ஒரு பொண்ணப் பாத்தானாம். அவ வாயவே தொறக்கலயாம். ரொம்ப அடக்கம்னு கட்டிக்கிட்டானாம். காலைல எந்திரிச்சா, பல்லு கிளாசுல இருந்துச்சாம்!" எல்லாரும் சிரித்தார்கள். அவன் பார்வை அவர்கள் கண்ணுக்கு வரவே இல்லை, வாயிலேயே நின்றது. பல்லக்கா முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, சளி பிடித்தவள் போல உள்ளே நுழைந்தாள்.

"அந்தப் பக்கத்த அழிச்சுத் தொல. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் புருஷன். அவர் பயமும் நியாயம்தான். அழிக்கத்தான் போனை எடுத்தாள். எதிரே மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டி வந்ததிலிருந்து தானும் அதே மாதிரிதான் இருக்கிறோம் என்று தோன்றியதும் பல்லக்காவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அழிக்கவில்லை. பெட்டியில் வந்த வாயை ஏறிய பல்லோடு வரைந்து போட்டாள். 'இந்த வாயைத் தேடுகிறார்கள். பார்த்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.'

திங்கட்கிழமை காலை, மகளோடு பேருந்தில் ஏறினாள். மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கூடத்துக்குப் போகிற பேருந்து. கண்டக்டர் முகத்தில் அவளுடைய வாய். ஜன்னலோரக் கிழவி முகத்தில் அவளுடைய வாய். நாற்பது முகத்தில் அதே வாய், அதே ஏறிய பல். நன்றிதான் பொங்க வேண்டும், ஆனால் அவள் மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். யாரோ இரண்டு காகிதங்களை நீட்டினார்கள். "போட்டுக்கோங்கக்கா." ஒன்றை மகளுக்கு மாட்டிவிட்டு, தன் வாய்மேல் தன் வாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். அவருக்கும் அதே காகிதம். அதற்கு மேலே கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. அந்த ஊரில் தலைவரின் முகம் என்றால் பல்தான். பல்லைக் கழற்றிவிட்டால் அவருடைய டிரைவருக்கே அவரைத் தெரியாது. ஆனால் அந்தத் தாடை பதினைந்து நாள் பல்லக்காவின் மேசைமேல் இருந்தது. ஆள் அனுப்பியும் கிடைக்காத வாயைத் தேடி அவரே வந்துவிட்டார். அவள் மகளின் கையைப் பிடித்தாள்.

பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரே வாய். சலித்துப்போய்ப் போனை எடுத்தார். எதையோ ஒரு தடவை தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

டிங்.

அவளுடைய பைக்குள்ளிருந்து வந்தது. இத்தனை மாதமாய் முதல் ஆளாகச் சிரித்தது யார் என்று அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. அவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

ஒளிய இனி இடமில்லை. பல்லக்கா காகிதத்தைக் கழற்றினாள். நர்ஸ் நோயாளியைக் கேட்கிற மாதிரி, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"ஐயா, கீழ்ச் செட்டு வலது பக்கம் இன்னும் உரசுதா?"

அவர் தன்னையறியாமல் தலையாட்டிவிட்டார்.

பேருந்து முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. வயிறு வலிக்கச் சிரித்த அதே ஜனங்கள்தான். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் மகள் தன் காகிதத்தைக் கழற்றி, அவரைப் பார்த்து வாயை அகலத் திறந்தாள். பழுப்புக் கோடுகள் எல்லாம் வெயிலில் தெரிந்தன. பின் இருக்கையில் இன்னொரு பிள்ளை கழற்றியது. அப்புறம் இன்னொன்று.

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கினார். காகிதத்தைக் கழற்றவில்லை, கழற்ற முடியாது. பல்லக்காவின் வாயை மாட்டிக்கொண்டு, போஸ்டரில் சிரிக்கும் தன் படத்தைத் தாண்டி நடந்து போனார். போனை எடுத்துப் பார்த்தாள். படத்தின் கீழே சிரிப்பு முகத்தைத் திரும்ப எடுத்திருந்தார்.

"இனிமே அவர் சிரிக்க மாட்டாராம்மா?"

"சிரிப்பாரு. வீட்டுக்குப் போய்ப் பல்லப் போட்டுக்கிட்டு."

கூடத்து மேசைமேல் அந்த அச்சு இன்னும் இருக்கிறது. சீட்டில் இன்றைய கிழமை. பல்லக்கா நாக்கால் தன் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். மகள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திறந்த வாயை மூடவே இல்லை.