பெயரில் மீந்தது

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நடந்த தடுப்பூசி முகாமுக்கு நர்ஸாகப் போயிருந்தேன். வரிசையில் கடைசியாக நின்ற மாணவி ஒல்லியானவள். துப்பட்டாவை இழுத்து இழுத்து இடது தோளை மூடிக்கொண்டே இருந்தாள்.

"வூட்ல இன்னா ஊசின்னு சொல்றது, சிஸ்டர்?"

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி."

"கர்ப்பம்னு காதுல வுழுந்தாலே எங்கம்மா மீதிய கேக்காது."

"அப்போ புற்றுநோய்த் தடுப்பூசின்னு மட்டும் சொல்லு."

"அந்தப் பொண்ணுக்குப் புற்றுநோயாமேன்னு தெருவே பேசும். அப்பால என்னை யாரு கட்டிப்பா?"

அந்தப் பெயரில் தடுப்பூசி என்ற சொல் மட்டும்தான் மீதி இருந்தது. அதையாவது சொல்லிப் பார் என்றேன்.

"எதுக்குன்னு கேப்பாங்களே" என்று சிரித்தாள்.

வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். துப்பட்டாவால் தோளை மூடியபடியே மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினாள். அந்தத் தோளில் நான் ஊசியே போட்டிருக்கவில்லை.