கூட்டு நடவடிக்கை

போர் முடிந்து மீள்குடியேறிய முதல் வருடம் கட்டுக்கரைக் குளத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். பள்ளிக்கூடம் என்றால் மரத்தூண்களும் மேலே தகரமும்தான். வெயில் ஏறினால் பிள்ளைகள் அவிந்துபோவார்கள். ஒரு பக்கம் மட்டும் பலகை அடித்து, புத்தகப்பை கொழுவ அதில் ஆணிகள் அறைந்திருந்தோம்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் பையைக் கொழுவமாட்டாள். மடியில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொண்டிருப்பாள். தாய் கடைசிச் சண்டையில் இறந்துவிட்டார். பிள்ளை சின்னம்மாவோடு முகாமிலிருந்து வந்தது. அந்தப் பையைப் பறிக்கவும் எனக்கு மனமில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. "ஆணி உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்குது பிள்ளை" என்று பகிடி விட்டு விட்டே ஒரு பள்ளித் தவணை போனது. ஒருநாள் தானாக எழும்பிப்போய்க் கொழுவினாள். அந்தச் சந்தோசத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அடுத்த தவணையில் காலநிலை மாற்றம் பற்றிப் படிப்பிக்கச் சொல்லி ஒரு கைநூல் வந்தது. யாரோ ஃபேனுக்குக் கீழே இருந்து எழுதியது. புகை கூடுகிறது, பூமி சூடாகிறது, மழை காலம் தவறுகிறது, கடல் ஏறுகிறது என்று சொன்னேன். பிள்ளைகள் அசையவில்லை. கடல் ஏறினால் மன்னார்த் தீவுச் சனம் இடம்பெயர வேண்டிவரும் என்றபோதுதான் கைகள் உயர்ந்தன. பாலம் உடைய முந்தி வெளிக்கிட வேணுமோ, ஆடு மாட்டைக் கொண்டுபோக விடுவினமோ என்று கேட்டார்கள். எல்லாம் பழகிய ஆட்களின் கேள்விகள்.

இதைத் தடுக்க என்ன வழி என்று சொல்லி, கைநூலில் இருந்தபடியே கரும்பலகையில் எழுதினேன்: கூட்டு நடவடிக்கை.

உயர்ந்த கைகள் எல்லாம் கீழே இறங்கின. எங்கள் பக்கத்தில் ‘நடவடிக்கை’ என்றால் ஒன்றுதான். வானொலி அந்தச் சொல்லைச் சொன்னால் ஆமி முன்னேறுகிறது, மூட்டையைக் கட்டவேண்டும். அந்தப் பிள்ளை எழும்பி, ஆணியிலிருந்து பையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப தொடங்குது, ரீச்சர்?"

கைநூலை எழுதியவனை மனதுக்குள் திட்டிக்கொண்டு அவசரமாக அழித்தேன். "அது இல்லையம்மா. குளத்தில தண்ணி குறைஞ்சால் சிறுபோக விதைப்புக்கு என்ன செய்யிறவை? எல்லாரும் கூடிக் கதைச்சு, ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு போட்டுத்தானே விதைக்கிறவை. இதுவும் அதுமாதிரித்தான். உலகத்தில இருக்கிற எல்லாரும் ஒண்டா நிண்டால் தப்பலாம்."

மற்றப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவள் ஆட்டவில்லை.

"அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவா, ரீச்சர். எல்லாரும் ஒண்டா நிண்டால் ஷெல் அடிக்கமாட்டினம் எண்டு. நாங்கள் ஒண்டாத்தான் நிண்டனாங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் பிழை காட்டுவதுபோல் சொன்னாள். நான் கைநூலை மூடி மேசையில் வைத்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் விளையாட ஓடினார்கள். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு அந்த ஆணியில் அவள் பையைக் கொழுவவே இல்லை. நானும் பகிடி விடவில்லை.