சன்னல் வைக்காத அறை

அறுத்த வேப்பமரத்தின் கசப்பு வாசனை தொண்டைவரை இறங்கும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, விருதுநகர் மரக்கடை ஒன்றில் அப்பாவின் பின்னால் அந்த வாசனைக்குள் நின்றிருந்தேன். திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அத்தைக்கு ஓர் ஓட்டு அறை கட்ட மரம் எடுக்க வந்திருந்தோம்.

அத்தை அப்பாவின் தங்கை. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பற்றி, முகத்தில் ஒரு பாதியும் கழுத்தும் வெந்து, கட்டியவனும் வேண்டாமென்றுவிட, எங்களிடம் வந்து சேர்ந்தவள். "அவளுக்குத் தனியா, வசதியா இருக்கட்டும்" என்று அப்பா ஊருக்குச் சொன்னார். அக்காவைப் பெண் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள் என்பதுதான் உண்மை. நாங்கள் புறப்படும்போது அத்தை கேட்டது ஒன்றுதான்: "வீட்டப் பாத்து ஒரு சன்னல் மட்டும் வைங்கண்ணே."

அப்பா நிதானமாகத் தேர்ந்தெடுத்தார். உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். ஓடு தாங்கும் கைமரங்களில் வெடிப்பும் முடிச்சும் உள்ளவற்றை ஒதுக்கினார். வாசல் நிலைக்கு வைரம் பாய்ந்த வேம்பாகப் பார்த்து, "கரையான் அண்டாது, அவ காலத்துக்கும் கெடக்கும்" என்றார். கடைக்காரர், "சன்னலுக்கு எத்தன சட்டம்ணே?" என்றதும் அப்பாவின் கை நின்றது.

"சன்னல் வேண்டாம். வர்றவுக கண்ணுல படும்."

ஊர் திரும்பும் பஸ்ஸில், "அத்தைகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத" என்றார்.

மரம் வந்து இறங்கியதும் அத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "சன்னலுக்கு எது தாயி?"

"அடுத்த லோடுல வருது அத்தை."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷமே அக்கா கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த இரண்டு நாளும் அத்தை அறையைவிட்டு வெளியே வரவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வந்தவள் நான்தான். அவர்கள் கிளம்பிய மறுநாள் காலையில், ஒரு பையோடு அத்தை தாயில்பட்டிக்கே பஸ் ஏறிவிட்டாள். வேறொரு கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை. கூட்டிவரப் போன அப்பாவிடம் அவள் கோபப்படவில்லை.

"இங்கன என்னைய யாரும் திரும்பிப் பாக்கறதில்லண்ணே. தெருவுக்கு ரெண்டு பேரு இப்படித்தான் இருக்கோம். நீங்க போங்க."

அப்பா அப்புறம் போகவில்லை. சில வருஷம் கழித்து அத்தை அங்கேயே காய்ச்சலில் இறந்தாள். எங்களுக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று அந்த அறை இல்லை. ஓடுகளையும் மரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் கார் நிறுத்துகிறோம். போன மாதம் அக்கா மகள், தாத்தாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லையா என்று கேட்டாள்.

"இல்ல, ஒத்தப் பிள்ள" என்றாள் அக்கா.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.