பத்தொன்பது வீடுகள்

துஷாந்தினிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றையறை வீடான ஒரு காம்பிராவில் வளர்ந்தவள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்ற பழக்கம்.

இப்போது வயது நாற்பத்தாறு. பதுளையில் முன்பள்ளி ஆசிரியைகளை உருவாக்கும் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். புதன்கிழமைகளில் மூன்று விரிவுரையாளர்கள் சேர்ந்து எழுதிய பாடத்தை ஒருவர் நடத்துவார். மற்ற இருவரும் பின்வரிசையில் அமர்ந்து மாணவிகள் செய்வதைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு கூடித் திருத்துவார்கள்.

இம்முறை பாடம், வீட்டில் பிள்ளைக்கொரு படிப்பு மூலை. 'உங்கள் வீட்டை வரைந்து அந்த மூலையைக் காட்டுக' என்று எழுதியவர் துறைத் தலைவர் சிற்றம்பலம். துஷாந்தினி வாசித்துவிட்டு, "நல்லா இருக்குங்க சேர்" என்றிருந்தாள்.

சிற்றம்பலம் நடத்தினார். பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை தயானி ஒற்றை அறையும் அடுப்பும் வரைந்தாள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தாள். அழித்தாள். பிறகு ஹோல், இரண்டு அறை, விறாந்தை. துஷாந்தினி எழுந்து சுற்றி வந்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் அதே வீட்டைத்தான் வரைந்திருந்தார்கள்.

கூட்டத்தில் சிற்றம்பலத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "எல்லாரும் மூலையைச் சரியாக் காட்டியிருக்கினம். எல்லாப் பயிற்சி நிலையத்துக்கும் அனுப்புவம். கையெழுத்து வையுங்கோ."

"வைக்க மாட்டேங்க சேர். பத்தொன்பது பிள்ளைங்க பொய் வீடு வரைஞ்சிருக்குங்க. இதுங்கதான் நாளைக்கு லயத்துப் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கப் போகுதுங்க. அங்க போயும் இல்லாத மூலையத்தான் காட்டணுமா?"

"நீங்களும் இருந்துதானே எழுதினது? அண்டைக்கு மறுத்து ஒரு சொல்லாவது சொன்னனீங்களோ?"

அவளுக்கு முகம் எரிந்தது. பதினாறு வருடமாக, ஊர் கேட்டவர்களுக்கெல்லாம் பண்டாரவளை டவுன் என்றே சொல்லி வந்திருக்கிறாள்.

"சொல்லலங்க. அந்தக் கோவந்தான் எனக்கு. எங்க வீடு லயத்துக் காம்பிரா. பத்துக்குப் பன்னெண்டு. ஏழு பேரு." பாடத்திட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அடுப்பையும் கட்டிலையும் தொட்டிலையும் வரைந்து அவர் முன்னால் தள்ளினாள். "மூலை எதுன்னு காட்டுங்க."

சிற்றம்பலம் பேனை முனையால் கட்டத்துக்குள் ஒரு இடம் தேடினார்.

மூன்றாவது விரிவுரையாளரான றஷீதா மெல்லக் கேட்டாள். "அப்ப நீங்க எங்க இருந்து படிச்சீங்க மிஸ்?"

"வாசப்படியில. மழ வந்தா கட்டில் மேல."

"இத அந்தப் பிள்ளைகள்ட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

சிற்றம்பலம் தாளை அவள் பக்கமே திருப்பி வைத்தார். "அப்ப வாற புதன் நீங்களே படிப்பியுங்கோ."

"புதன் வரைக்கும் எதுக்குங்க? பிள்ளைங்க இன்னும் வகுப்புலதான் இருக்குங்க."

வெண்கட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மற்ற இருவரும் குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியதாயிற்று.