அஞ்சலையக்கா வாயால் சொல்லாத பெயர்

இன்று காலை டிவிஷன் ஆபீஸில் என் நாமினேஷன் செத்துப் பிழைத்தது!

(காலேஜ் தோழிகள் நமக்குள் வீடு வீடாகச் சுற்றிவரும் நோட்டில் இந்த வாரம் எழுதுவது என் முறை. காகிதப் பஞ்சத்தில் இத்தனை ஆச்சரியக்குறி எதற்கு என்று யாரும் ஓரத்தில் எழுதாதீர்கள்.)

ஆமாம் தோழிகளே, கார்ப்பரேஷன் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கிறேன். காலேஜில் 'பிரசன்ட்' சொல்லவே குரல் எழும்பாத அதே நான்தான்!

காரணம் எங்கள் ராயப்பேட்டைத் தெருக்குழாய். மூன்று மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலாவது மனுவோடு போனபோது, இப்போதைய கவுன்சிலரான விறகுத்தொட்டி முதலாளி சிரித்தார்.

"இன்னாம்மா, பி.ஏ. படிச்சிட்டா பெரிய இதுவா? அவ்ளோ அக்கறை கீதுன்னா நீயே நின்னு ஜெயிச்சுக்கோ!"

நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் சர்க்கார் பாரத்தை நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பயத்தில் நாமினேஷன் மனுவை மூன்று தடவை சரிபார்த்தேன். வயது சரி. விலாசம் சரி. முன்மொழிந்தவர் பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா, வழிமொழிந்தவர் தையற்கடை கரீம் பாய். இருவருக்கும் ஓட்டு உண்டு.

வாக்காளர் பட்டியலில் அக்காவின் பெயர் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை!

இன்று மனுக்களைப் பரிசீலித்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அஞ்சலைன்னு யாருமே இல்லியேம்மா. அந்த டோர் நம்பர்ல 'இன்னாரோட மனைவி'ன்னுதான் போட்டிருக்கு. உங்க ஆத்துக்காரர் பேரைச் சொல்லுங்கோ, சரிபார்த்துக்கறேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மார்க்கெட்டில் கீரை விற்கும் அக்கா கூவினால் பீட்டர்ஸ் ரோடு வரை கேட்கும். ஆனால் கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷன் பெயர் மட்டும் அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

"அத்த எப்டி சாமி நான் சொல்றது? முருகன் கையில கீது பாரு, அதான்!"

"சாமி கையில இருக்கறதை எல்லாம் நான் எழுதிண்டிருக்க முடியாதும்மா."

கரீம் பாய்க்குப் பொறுக்கவில்லை. "வடிவேலு சார்! நம்ம வடிவேலு!"

"நீங்க சொல்லப்படாது பாய். அவாதான் சொல்லணும்."

பின் பெஞ்சில் முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். களத்தில் நாங்கள் இரண்டே பேர். என் மனு போனால் அவர் போட்டியின்றிக் கவுன்சிலர்!

"புருசன் பேரே வாயில வரல, இது கவுன்சிலரை முன்மொழியுதாம்! தள்ளுங்க சார் அந்த மனுவை!"

அதிகாரி சிவப்பு மசிப் பேனாவை எடுத்தார்.

எழுந்து நின்றேன்.

"சார், பட்டியல் எழுத வந்தவர் அக்கா பேரைக் கேட்கவே இல்லை. யாரோட சம்சாரம்னு பக்கத்துக் கடையில கேட்டு எழுதிட்டுப் போனார். பேரை விட்டது உங்க ஆபீஸ். அதுக்கு இவங்களைப் பார்த்து எதுக்குச் சிரிக்கிறாங்க?"

என் குரல் எனக்கே புதிது!

"அஞ்சு நிமிஷம் தரேன்," என்றார் அதிகாரி.

'ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க அக்கா' என்று கெஞ்சத்தான் திரும்பினேன். (ஒப்புக்கொள்கிறேன், வெட்கம்தான்.)

அதற்குள் அக்கா கையை நீட்டிவிட்டார்.

"வாயால தானே சொல்லக் கூடாது? பேனாவைக் குடு கண்ணு."

வ. டி. வே. லு. கடன் சொன்னவர்கள் பெயரைச் சுவரில் கரியால் எழுதிப் பழகிய கை; ஒவ்வொரு எழுத்தும் ஒரு கத்தரிக்காய் அளவு. நிப்பு இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

முதலாளி துள்ளி எழுந்தார். "வாயையே தொறக்கலியே சார், இது எப்டி செல்லும்?"

"எழுத்து மூலமா கொடுத்தா சர்க்கார்ல வாய்வார்த்தையைவிட ஒசத்தி ஓய்! மனு ஏத்துக்கப்பட்டது."

கரீம் பாய் கைதட்டியே விட்டார்!

வாசலில் முதலாளி வழிமறித்தார். குரலில் திடீர்ச் சர்க்கரை.

"நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் வாபஸ் வாங்கலாம்மா. வாங்கிடு. உன் தெருக்குழாய்ல நாளைக்கே தண்ணி வரும்."

"அப்போ இந்த மூணு மாசமும் உங்களால முடிஞ்சிருக்கு?"

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாபஸ் கிடையாதுங்க."

வீட்டுக்கு வந்து பட்டியலை முழுக்கப் படித்தேன். பக்கம் பக்கமாக 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மனைவி'. ஓட்டுப் போடும் நாளில் இவர்கள் எல்லோரிடமும் இதே கேள்வியைக் கேட்பார்கள். இவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டுப் போடாமலே திரும்பிப் போவார்கள்.

விடப்போவதில்லை! மேடைப் பேச்சு எனக்கு வராது. நாளை முதல் வீடு வீடாகப் போய் அவரவர் புருஷன் பெயரை எழுதச் சொல்லித்தரப் போகிறேன். அஞ்சலையக்காவும் வருகிறார்.

பழைய சிலேட்டு வைத்திருப்பவர்கள் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். மயிலாப்பூர், மாம்பலம் என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் எந்த வீடு தெரியுமா?

விறகுத்தொட்டி முதலாளி வீடு. அவர் மனைவிக்கும் பட்டியலில் பெயர் இல்லை!