மூடுபனி இல்லாத நாளிலும் தண்ணீர்

நானுஓயாவில் ரயில் நின்றபோது மதியம் ஒரு மணி. கும்பல் கும்பலாக இறங்கியவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு சேர்ந்து நிற்க யாருமில்லை. நுவரெலியாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், கந்தப்பளைக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ எழுநூறு ரூபாய் என்றார் டிரைவர். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறிக்கொண்டேன்.

"சொந்தக்காரங்க வீட்டுக்குங்களா?"

"இல்லைங்க. ஸ்கூல் பிள்ளை ஒன்று பனியிலிருந்து தண்ணி எடுக்குது. அதைப் பார்க்க."

"ஆண்டவன் மழையாவே கொட்டுறான். பனிய வேற புழியணுமா மிஸ்?" என்று சிரித்தார். காலையிலிருந்து என்னோடு பேசிய முதல் மனிதர் அவர்தான்.

நான் கொழும்பில் வானிலை ஆராய்ச்சி செய்பவள். பள்ளி மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டச் சம்மதித்தபோது எனக்கு வாய்த்தவள் பவித்ரா; உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள். இதுவரை தொலைபேசியில்தான் பழக்கம். மழை குறைந்த மாதங்களில் அவள் குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராது. வலை கட்டினால் மூடுபனியிலிருந்து எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பது அவள் கேள்வி. மூடுபனியே இல்லாத நாட்களிலும் கேனில் தண்ணீர் சேர்ந்திருந்தது! விடியுமுன் யாரும் பார்க்காமல் பனி வந்து போகிறது என்று இருவரும் விளக்கம் எழுதிவிட்டோம். அடுத்த வாரம் கண்டியில் நடக்கும் மாணவர் ஆய்வரங்கில் அவள் அதைப் பேச வேண்டும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதனால்தான் கிளம்பி வந்தேன்.

மூன்று மணிக்குமேல் பொதுக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். இரண்டு கம்புகளுக்கிடையே பச்சை வலை, கீழே சொட்டும் நீர் ஓடிவரத் தகரப் பீலி, அதன் முனையில் கேன். கூட ஆரம்பித்த தோழிகள் டியூஷனுக்குப் போய்விட, இவள் ஒருத்தியே கட்டி, ஒருத்தியே அளந்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுச் செல்வி குடத்தோடு வந்தார். "புள்ள ஸ்கூலுக்குப் போனா இத நாந்தாங்க பாத்துக்கிறது," என்றார் பெருமையாக. "கேன் வெறுமனே கெடந்தா மனசு கேக்காது. தண்ணி வர்றப்ப கொஞ்சம் ஊத்தி வச்சிருவேன்."

அந்த லயத்தின் வழக்கம் அது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் வரும்போது யார் நிற்கிறார்களோ, அவர் எல்லாருடையதையும் நிரப்புவார்.

பனி இல்லாத நாட்களில் நாங்கள் அளந்தது குழாய்த் தண்ணீரை. பவித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "தேங்க்ஸ் அத்தை," என்றாள்.

அவர் போனபிறகுதான் அழுதாள்.

"எந்தெந்த நாள் ஊத்தினாங்கன்னு கேட்டு, அந்த நாட்களைக் கழிச்சுப் பார்ப்போமா?" என்றேன்.

"அவங்களுக்கு எங்கங்க மிஸ் ஞாபகம் இருக்கப் போவுது? கேட்டா, தன்னாலதான் கெட்டுச்சுன்னு வெளங்கிரும். தாங்க மாட்டாங்க. நம்ம கண்டிக்குப் போக வேணாம். நான் திரும்ப அளக்கிறேன்."

திரும்ப அளக்கும் பருவம் வருவதற்குள் பரீட்சை வந்துவிடும். அது இருவருக்கும் தெரியும்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு அவள் கூடவே வந்தாள். கொழும்பில் என் மாடி வீட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. எதிர்க் கதவுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. இனிப் பவித்ரா என்னை அழைக்க ஆய்வும் இல்லை. சும்மாவாவது கூப்பிடு என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.